வசந்தாமணியின் மூன்று நிமிஷம்

வசந்தாமணிக்கு இங்கிலீஷ் வராது என்று கார்வர் க்ரீக்கில் இருந்த முப்பது சொச்சம் தமிழ்க் குடும்பமும் நம்பிக்கொண்டிருந்தது. நம்பினால் நம்பிவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அவள் பண்ணிய முட்டாள்தனத்திலேயே பெரியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

வராமல் என்ன? வீட்டிலேயே டேகேர் நடத்துகிறவள். ஸ்டேட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்து, ப்ளக் பாயின்டுக்கெல்லாம் மூடி போட்டிருக்கிறதா, வேலி குழந்தை ஏறாத உயரமா, புகை அலாரம் ஒழுங்காகக் கத்துகிறதா என்று குடைந்தெடுத்தால், இடுப்பில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுவாள். கூரை ஒழுகியதைச் சரி பண்ண வந்தவன் அரைகுறையாக வேலையை முடித்துவிட்டு நழுவப் பார்த்தபோது, அவனை வாசலிலேயே மறித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாளே, அதென்ன கோபிச்செட்டிபாளையத்துத் தமிழிலா கேட்டாள்? எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி டாட்டி அம்மாளோடு வேலியோரம் நின்று ஊர் வம்பு மொத்தமும் பேசுவதும் இங்கிலீஷில்தான்.

ஆனால் பக்கத்தில் ஒரு தமிழ் ஆள் வந்து நின்றால் போதும், அவ்வளவுதான், வாய் பூட்டிக்கொள்ளும். வந்த புதிதில் ஒரு தீபாவளி விருந்தில் அவள் ஏதோ ஒரு மீன் பெயரைச் சொல்லப்போய், அதை அவள் சொன்ன விதத்தையே ஆறு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வெள்ளைக்காரன் முன்னால் தப்பும் தவறுமாகப் பேசினால் அவன் விஷயத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். நம்மாள் தப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறான். அன்றிலிருந்து பார்ட்டி, பஜனை, பொங்கல் எதுவாக இருந்தாலும் அவள் தமிழை விட்டு ஒரு எட்டு நகரவில்லை. யாராவது வெள்ளைக்காரர் வந்து பேச்சுக் கொடுத்தால் சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போய்விடுவாள்.

டெக்ஸாஸில், ரவுண்ட் ராக்கிலிருந்து இன்னும் வடக்கே போனால் இந்த கார்வர் க்ரீக். பெயருக்கு ஊர். கம்ப்யூட்டர் கம்பெனி வளர வளர, வீடு வாங்க வந்த கூட்டத்தால் வீங்கிய ஊர். வசந்தாமணியின் புருஷன் சேனாபதியும் அந்தக் கம்பெனியில்தான் இருந்தான். மற்றவர்கள் எல்லாம் மெடோ கிளென் என்கிற புது சப்டிவிஷன் மனைப்பிரிவில் ஒரே அச்சில் வார்த்த வீடுகளாக வாங்கியபோது, இவள் மட்டும் பிடிவாதமாக மில் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய வீட்டைப் பிடித்தாள். தரை நடந்தால் முனகும். ஆனால் பின்னால் பெரிய முற்றம், இரண்டு பீகன் கொட்டை மரம், குழந்தைகள் ஓட இடம். முன்பணத்தில் பாதி அவள் டேகேர் சம்பாத்தியம். இந்தியாவிலும் சரி, அமெரிக்காவிலும் சரி, இது என்னுடையது என்று அவள் கை வைத்துச் சொல்லக்கூடியது அந்த வீடு ஒன்றுதான். அது இருந்தால்தான் டேகேர். அந்த லைசென்ஸ் அந்த வீட்டுக்கு, அந்த வேலிக்கு, அந்த முற்றத்துக்குக் கொடுத்தது. வேறு வீட்டுக்குப் போனால் எல்லாம் முதலிலிருந்து. அப்படி ஒரு முற்றத்தோடு வீடு வாங்க அப்போதைய விலையில் அவர்களால் ஏழு ஜென்மத்துக்கும் முடியாது.

இரண்டாயிரத்தொன்று பிறந்ததும் பிறக்காததுமாக பைபாஸ் பேச்சு கிளம்பியது. ஊருக்கு நடுவே இருந்த ஒரே மெயின் ரோட்டில் காலையில் சிமெண்ட் லாரியும் ஆபீஸ் போகிற காரும் முட்டிக்கொண்டு நின்றன. சிட்டி கவுன்சில் ஒரு பைபாஸ் போடலாம் என்று முடிவு பண்ணி, லைப்ரரிச் சுவரில் ஒரு மேப்பை ஒட்டியது. அதில் மூன்று கோடு. நீலக் கோடு, மெடோ கிளெனுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் போகும். சிவப்புக் கோடு, மில் ஸ்ட்ரீட்டை நெடுக்கப் பிளந்துகொண்டு நாலு வீட்டைத் தின்றுவிட்டுப் போகும். அந்த நாலில் ஒன்று வசந்தாமணியுடையது, இன்னொன்று டாட்டியுடையது. பச்சைக் கோடு ஓடைக்கு அப்பால் மேய்ச்சல் நிலத்தில் போகும். யார் வீட்டுக்கும் சேதமில்லை, ஆனால் ஒரு பாலம் கட்டியாக வேண்டும்.

அந்த மேப்பைப் பார்த்துவிட்டு வந்த வாரத்தில்தான் யாமினி ஒரு காலையில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாமினியின் மகள் ஷ்ரேயா, நாலு வயது, கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து வசந்தாமணியிடம்தான் வளர்கிறாள். யாமினியின் புருஷன் ஜெயபிரகாஷ் பொள்ளாச்சிக்காரன். எல்லாருக்கும் ஜேபி. கம்பெனியில் பெரிய மேனேஜர், சேனாபதி வேலை பார்த்த பிரிவே அவன் கையில்தான். நம்ம பக்கத்து ஆள், வாயைத் திறந்தால் நம்ம ஊர்ப் பேச்சு. அந்த ஒரு காரணத்துக்காகவே வசந்தாமணிக்கு அவன் மேல் தனிப் பாசம்.

"அக்கா, எங்க புது வீட்டுக்கு வந்த சோதனையைப் பாத்தீங்களா?" என்றாள் யாமினி. மெடோ கிளெனின் கடைசியில் அவர்கள் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கிழக்குப் பார்த்த வாசல், வாஸ்து பார்த்துத் தேடித் தேடி வாங்கிய மனை. "அந்த நீலக் கோடு வந்தா, அதுல இருந்து ஒரு சின்ன ரோடு நேரா எங்க வாசலுக்கு எதுத்தாப்புல வந்து முட்டுது. சுத்தமான தெருக்குத்து. அத்தைகிட்ட போன்ல சொன்னோம். அந்த வீட்ல கால் வெக்காதீங்க, வித்துருங்கன்னு ஒரே அழுகை."

தெருக்குத்து என்றதும் வசந்தாமணிக்கே சுருக்கென்றது. வீட்டு வாசலை நோக்கி நேராக ஒரு தெரு வந்து குத்தினால் அந்த வீடு விளங்காது என்று அவளுடைய ஊரிலும் சொல்வார்கள்தான்.

"அதுக்கென்னுங்க யாமினி, நம்மூர்ல என்ன பண்ணுவாங்க? ரோடு குத்தற எடத்துல ஒரு பிள்ளையாரைக் கொண்டாந்து வெச்சா சரியாப் போயிருது."

"எங்க காலனி அசோசியேஷன், அந்த ஹெச்ஓஏ, விடுவாங்களா? முன்னாடி பிளாஸ்டிக் கொக்கு பொம்மை வெச்சதுக்கே ஒருத்தருக்கு நோட்டீஸ் அனுப்பிட்டாங்க. பிள்ளையாருக்கு என்ன சொல்லுவாங்களோ."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வசந்தாமணி சொன்னாள், "கவலைப்படாதீங்க. உங்களுக்குத் தெருக்குத்து, எங்களுக்கு ஊடே இல்லாமப் போகுது. எல்லாம் ஒண்ணா நின்னா அந்தப் பச்சைக் கோட்டையே போடச் சொல்லிப்போடலாம்." யாமினி தலையாட்டிவிட்டு ஷ்ரேயாவின் பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். தலையாட்டியதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டவள் வசந்தாமணி. வேறெப்படி எடுத்துக்கொள்வாள், பாவம்.

டாட்டி அம்மாள் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. எழுபதைத் தாண்டிய வயதில், புருஷன் போன பிறகு, அந்த வீடும் ஒரு கிழட்டுப் பூனையும்தான் அவளுக்கு. "கவுன்சில் ஊராரிடம் கருத்துக் கேட்கிற ஹியரிங்கில் நீயும் பேச வேண்டும் வசந்தா. ஆளுக்கு மூன்று நிமிஷம் கொடுப்பார்கள். ஓட்டு இல்லாவிட்டால் என்ன, வரி கட்டுகிறாயே. அவர்கள் உன் முகத்தைப் பார்க்க வேண்டும்" என்று இங்கிலீஷில் அடம் பிடித்தாள். மத்தியானம் குழந்தைகள் தூங்குகிற நேரத்தில் சமையலறை மேசையில் உட்கார்ந்து வசந்தாமணியைப் பேசவைத்துப் பார்த்தாள்.

வசந்தாமணி பேசினாள். நான் இந்தத் தெருவில் குழந்தைகளை வளர்க்கிறேன், இந்த ஊரில் வேலைக்குப் போகிற பல பெண்களின் குழந்தைகள் என் வீட்டில்தான் நடக்கப் பழகின, இந்த வீட்டை எடுத்தால் எனக்கு வீடு மட்டும் போகாது, என் தொழில் போகும், பாலம் கட்டச் செலவாகும் என்கிறீர்களே, என் வேலையை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் என்று கேட்டாள். அடுப்பு டைமரை வைத்திருந்தார்கள். மணி அடிப்பதற்குள் சரியாக முடித்துவிட்டாள். டாட்டி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதில் ஒரு எழுத்தை மாற்றாதே" என்றாள்.

ஹியரிங்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கூடிப் பேசுவதென்று ஏற்பாடு. எங்கே? வேறெங்கே, வசந்தாமணி வீட்டில்தான். கூடம் பெரிது, குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் இருக்கிறது, முக்கியமாகச் சாப்பாடு கிடைக்கும். அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும் தட்டைப்பயறுக் குழம்புமாக ஒரு பட்டாளத்துக்குச் சமைத்து வைத்திருந்தாள். எல்லாரும் வக்கணையாகச் சாப்பிட்டார்கள். அதைச் சொல்லியாக வேண்டும்.

சாப்பாடு முடிந்து ஜேபி எழுந்தான். "ஆளாளுக்கு எந்திரிச்சு ஒண்ணொண்ணு பேசினா கசகசன்னு ஆயிரும். கவுன்சில்ல ஒரு ரூல் இருக்குது. நமக்குக் குடுக்கற மூணு நிமிஷத்தை இன்னொருத்தருக்கு விட்டுக் குடுக்கலாம். எல்லாரும் ஒருத்தருக்கே குடுத்தீங்கன்னா அவரு ஒரு மணி நேரம் கூட விலாவாரியாப் பேசலாம். ஒரே குரலா இருக்கும். என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வார்கள்? அந்த ஒருத்தர் யார் என்று யாரும் கேட்கக்கூட இல்லை. நம்மாட்களிடம் அது ஊறிப்போன வழக்கம். இங்கிலீஷ் நன்றாக வருகிறவனிடம் வாயைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவன் பின்னால் கை கட்டி நிற்பது. தாலுகா ஆபீஸில் நின்றவர்கள் சிட்டி ஹாலிலும் அப்படியே போய் நிற்கிறார்கள். பிஎச்டி படித்தவனும் அதே வரிசையில்தான்.

"பச்சைக் கோடுதானுங்களே கேக்கறோம்?" என்று பின்னாலிருந்து குமாரசாமி கேட்டார். ரிடையர் ஆகி மகனோடு வந்திருப்பவர்.

"நம்ம எல்லாருக்கும் எது நல்லதோ அதைத்தான் கேக்கப்போறோம்" என்றான் ஜேபி. எல்லாரும் கை தட்டினார்கள். அந்தப் பதிலைப் பிரித்துப் பார்க்க அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வசந்தாமணி சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள். "நான் ஒரு மூணு நிமிஷம்..." என்று ஆரம்பித்தாள். மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. சோபாவில் இருந்த யாரோ பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார்கள். தீபாவளி மீன் மறுபடி ஞாபகம் வந்துவிட்டதோ என்னவோ.

"உங்களுக்கு எதுக்குங்கக்கா சிரமம்?" என்றான் ஜேபி, வெகு அன்பாக. "அங்க மைக், டிவி கேமரா எல்லாம் இருக்கும். பதறிரும். உங்க ஊட்டு விஷயத்தையும் சேத்து நானே சொல்லிர்றேன். கையெழுத்துப் போட்டுக் குடுங்க போதும்."

அந்த அன்பில்தான் அவள் விழுந்தாள். ஒரு பக்கம் ஏமாற்றமாகவும் இன்னொரு பக்கம் அப்பாடா என்றும் இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்துத்தான் பிறகு எத்தனையோ நாள் தலையில் அடித்துக்கொண்டாள். கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவன் நீட்டிய சின்ன அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எல்லாருக்கும் டிகாஷன் காப்பியும் கலந்து கொடுத்தாள்.

ஹியரிங் அன்று சிட்டி ஹால் நிரம்பி வழிந்தது. டாட்டி முதலில் பேசினாள். காகிதத்தைப் பார்த்துப் படிக்கையில் குரல் உடைந்தது, புருஷன் நட்ட மரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு முழு வாக்கியத்தை இரண்டு தரம் படித்தாள். யாரும் சிரிக்கவில்லை. நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்ததும் நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்து வசந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்து நீதானே?" என்றாள். "இல்லை, அவர் எனக்கும் சேர்த்துப் பேசுவார்" என்று வசந்தாமணி காதோடு சொன்னாள். 

ஜேபி கோட்டும் டையுமாக மைக்குக்குப் போனான். நேரத்தை விட்டுக் கொடுத்தவர்களின் பெயரை கிளார்க் ஒவ்வொன்றாக வாசித்தாள். பெயர் வந்ததும் கை தூக்க வேண்டும். அந்த அம்மாளின் வாயில் வசந்தாமணி என்கிற பெயர் கந்தலாகி வந்தது. ஆனாலும் தன் பெயர்தான் என்று கண்டுகொண்டு வசந்தாமணி உற்சாகமாகக் கையைத் தூக்கினாள். விலாசத்தையும் கிளார்க் படித்தாள். மில் ஸ்ட்ரீட்.

ஜேபி பிரமாதமாகப் பேசினான். அதை மறுக்க முடியாது. ஓவர்ஹெட் ப்ரொஜெக்டரில் படம் படமாகப் போட்டான். இந்த ஊரின் வளர்ச்சி, எங்கள் சமூகத்தின் உழைப்பு, இங்கே நாங்கள் கட்டுகிற வரி. பச்சைக் கோடு எல்லாருக்கும் பிடித்ததுதான், ஆனால் பாலத்தின் செலவை நாங்கள் புரிந்துகொள்கிறோம், நாங்கள் நடைமுறை தெரிந்தவர்கள் என்றான். கவுன்சிலர்கள் தலையாட்டினார்கள்.  நீலக் கோடு வந்தால் மெடோ கிளென் குழந்தைகள் பஸ்ஸுக்கு நிற்கிற மூலையில் ட்ராஃபிக் வந்து விழும் என்றான். தெருக்குத்து என்கிற வார்த்தை அவன் இங்கிலீஷில் எங்குமே இல்லை. ஆக மொத்தத்தில், நன்றாக யோசித்து, ஒரே குரலாக, எங்கள் சமூகம் சிவப்புக் கோட்டை ஆதரிக்கிறது என்று முடித்தான்.

அவள் ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்டாள். அதுதான் கொடுமை. புரியாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு நிமிஷமாவது நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் சேனாபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னுங்க, இந்தாளு நம்மூட்டை இடிக்கச் சொல்றாரு" என்றாள் அவன் காதில்.

"உக்காரு. இப்ப ஒண்ணும் பேசாத" என்றான் அவன். கம்பெனியில் ஆட்களை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். யார் இருப்பது யார் போவது என்று சொல்கிற இடத்தில் இருந்தவன் ஜேபி. சேனாபதிக்கு அந்த மைக் முன்னால் தன் வீடும் தெரியவில்லை, தன் பெண்டாட்டியும் தெரியவில்லை. வேலை மட்டும்தான் தெரிந்தது.

கவுன்சிலர்களில் ஒரு பெண்மணி மைக்கை இழுத்து, "என் மனதைத் தொட்ட விஷயம் ஒன்று. மில் ஸ்ட்ரீட்டில் வீடு போகக்கூடிய ஒரு குடும்பமே தங்கள் நேரத்தை இதற்குக் கொடுத்திருக்கிறது. ஊர் நலனை முன்னால் வைக்கிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்" என்றாள். டாட்டி பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். திரும்பி வசந்தாமணியின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வசந்தாமணி சாகிற வரைக்கும் மறக்கமாட்டாள்.

வசந்தாமணி எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சேனாபதி புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது மட்டும் தெரிந்தது.

மேயர் வயசான மனுஷர், மரியாதை தெரிந்தவர். "அம்மா, உங்கள் நேரம் முடிந்துவிட்டது. நீங்கள்தான் விட்டுக் கொடுத்தீர்கள். இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்வதானால் சொல்லுங்கள்" என்றார்.

மேசையில் அடுப்பு டைமர் வைத்துப் பேசிய அத்தனையும் அவள் தொண்டையில் வரிசையாக நின்றன. முதல் வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது முப்பது குடும்பமும் திரும்பிப் பார்த்தது. அவள் வீட்டில் சாப்பிட்ட முகங்கள், அவள் குழம்புக்கு ரெசிபி கேட்ட முகங்கள். இவள் என்ன பேசப்போகிறாள், எப்படிப் பேசப்போகிறாள் என்று வேடிக்கை பார்க்கிற முகங்கள். வந்த வாக்கியம் அப்படியே உள்ளே போய்விட்டது.

ஜேபி மைக்கிலிருந்து திரும்பிச் சிரித்தான். "சொல்லுங்கக்கா. தமிழ்லயே சொல்லுங்க. நான் ட்ரான்ஸ்லேட் பண்றேன்."

"என்ற ஊடு போயிருமுங்க" என்றாள் வசந்தாமணி. அவளுக்கு வந்தது அவ்வளவுதான். "பச்சைக் கோடு கேக்கறதாத்தானே சொன்னீங்க. நீங்க பண்றது நல்லால்லீங்க."

ஜேபி மேயரைப் பார்த்துத் திரும்பினான். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "வீட்டுக்கு நியாயமான நஷ்டஈடு கிடைக்குமா என்று கேட்கிறார்கள்" என்றான் இங்கிலீஷில்.

அந்த ஹாலில் தமிழ் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? அவள் சொன்னதும் கேட்டது, அவன் சொன்னதும் கேட்டது. ஒருத்தர் எழுந்து, அப்படிச் சொல்லவில்லையே என்று சொல்லவில்லை. குமாரசாமி மட்டும் வாயைத் திறந்தார். மகன் அவர் தொடையில் கை வைத்து அழுத்தினான். யாமினி கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"கட்டாயம் கிடைக்கும் அம்மா. மார்க்கெட் விலை, சட்டப்படி" என்றார் மேயர். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டாள். அதையும் நன்றி என்று எடுத்துக்கொண்டார்கள். ஓட்டெடுப்பில் சிவப்புக் கோடு ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தது.

வெளியே பார்க்கிங் லாட்டில் ஜேபி ஓடி வந்து மினிவேன் கதவைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பச்சைக் கோடு நடக்காதுன்னு எனக்குப் போன வாரமே உள்ள சொல்லிட்டாங்க. ரெண்டுல ஒண்ணுதான்னா, முப்பது குடும்பத்தைப் பாக்கறதா, ஒரு குடும்பத்தைப் பாக்கறதா? உங்களுக்கு நல்ல ரேட் வாங்கித் தர்றது என் பொறுப்பு." வசந்தாமணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது குடும்பமாம். நீலக் கோடு ஒரு வீட்டு வாசலில்தான் முட்டியது. சேனாபதி, "பரவால்லீங்க சார், பாத்துக்கலாமுங்க" என்று வண்டியை எடுத்தான். 

மறுநாள் காலையில் டாட்டி வீட்டு ஜன்னல் திரை மூடியே கிடந்தது. வழக்கமாக அந்நேரம் கையாட்டுவாள். வசந்தாமணி போய்க் கதவைத் தட்டலாமா என்று இரண்டு தரம் படியிறங்கித் திரும்பினாள். என்னவென்று சொல்வது? நான் அப்படிச் சொல்லவில்லை என்றா? கை தூக்கியதைத்தான் ஊரே பார்த்ததே.

யாமினி ஷ்ரேயாவோடு வந்தாள். குழந்தை வழக்கம் போல "ஆன்ட்டி" என்று ஓடி வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடியது. யாமினி படியில் நின்றபடி முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள்.

"நேத்து எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சுக்கா. ஜேபிக்கும்தான், நைட்டெல்லாம் தூக்கம் இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "இல்ல, ஒண்ணு கேக்கணும். எப்ப வரைக்கும் டேகேர் நடத்துவீங்க? வேற எடத்துல எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட் பெருசா இருக்கு. கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா நாங்க ஏற்பாடு பண்ணிக்குவோம்."

வசந்தாமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நாலு வருஷமாக, மீட்டிங் இழுத்துவிட்டது, ட்ராஃபிக் என்று எத்தனை நாள் ஏழு மணி தாண்டி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள் இவள். நம்ம பிள்ளை என்று வசந்தாமணி சோறும் ஊட்டி அனுப்பினாளே, ஒரு நாள் முகம் சுளித்திருப்பாளா?

பிறகு அவள் பேசினாள். இங்கிலீஷில். கூரைக்காரனிடம் பேசுகிற அதே குரலில், தங்கு தடையில்லாமல். உன் மகள் ஒரு தப்பும் பண்ணவில்லை, அதனால் இந்த வீட்டை இடிக்க ஆள் வருகிற நாள் வரைக்கும் அவள் இங்கே இருக்கலாம். ஆனால் இனிமேல் ஆறு மணி என்றால் ஆறு மணி. தாண்டினால் ஒவ்வொரு முறையும் லேட் ஃபீ உண்டு. சமைத்துப் போடமாட்டேன், டப்பாவில் கொடுத்து அனுப்பு. குழந்தையை வாசலில் விடு, வாசலில் வாங்கிக்கொள், உள்ளே வரக்கூடாது. உன் புருஷனை அனுப்பாதே, அவன் இந்தப் படியில் கால் வைத்தால் நான் போலீஸைக் கூப்பிடுவேன், அவர்களிடம் பேச எனக்கு ட்ரான்ஸ்லேட்டர் வேண்டாம்.

யாமினி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். கோபம் கூட வரவில்லை அவளுக்கு, அத்தனை ஆச்சரியம்.

"அக்கா, உங்களுக்கு இவ்வளவு நல்லா இங்கிலீஷ் வருமா? அப்புறம் ஏன்க்கா நேத்து அங்க பேசல?"

"நம்மாளுங்க முன்னால எனக்கு வராதுங்க யாமினி" என்றாள் வசந்தாமணி தமிழில். "இன்னைக்குத்தான் உங்க முன்னால வந்துச்சு."

கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். குழந்தைகளுக்குக் காலைச் சாப்பாடு போடுகிற நேரமாகியிருந்தது.